முடக்குவாதம்: ஒரு மாத்திரையும் ஒரு ஊசியும்

முடக்குவாதம் என்று சொன்னதும் நம்மூர்க்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது முடக்கத்தான் கீரை. முடக்கு அறுத்தான் என்பதுதான் முடக்கத்தான் ஆயிற்று என்பார்கள். சித்த மருத்துவ நூல்கள் வாத நோய்களை எண்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கின்றன. ஆயுர்வேதத்தில் மாதவ நிதானம் என்ற நூல் ஆமவாதம் என்று ஒன்றைத் தனியாகவே விவரிக்கிறது. ஆக, மூட்டு வீங்கி, விரல் கோணி, காலையில் எழுந்ததும் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியாமல் போகும் இந்த நோய் நமக்குப் புதிதல்ல. மூட்டுக்குள் என்ன நடக்கிறது என்று மனிதன் கண்டுபிடித்த கதைதான் புதிது. அந்தக் கதையில் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரி வருகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஒருவர் வருகிறார். லூதியானாவில் பிறந்த ஒருவர் வருகிறார். நான் குடியிருக்கும் விவேக் நகரிலிருந்து ஈஜிபுராவைத் தாண்டினால் வரும் கோரமங்களாவும் வருகிறது.

முதலிலேயே டிஸ்கி போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். முடித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, டிரான்ஸ்ஃபரில் பெங்களூர் வந்து சேர்ந்தவன். கோவில்பட்டியில் இருக்கும் என் அக்காவுக்கு இந்த நோய் வந்ததால் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்ததை, வங்கிக்காரனுக்குத் தெரிந்த பாஷையில் எழுதுகிறேன்.

அடிபட்ட இடம் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். இந்த நான்கையும் சேர்த்து அழற்சியின் அடையாளங்கள் என்று ரோமாபுரியின் செல்சஸ் முதல் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தார். அழற்சி கெட்டது அல்ல. கிருமி நுழைந்த இடத்துக்கு ரத்தத்தையும் வெள்ளையணுக்களையும் வரவழைக்க உடம்பு செய்யும் ஏற்பாடு அது. அந்த ஏற்பாட்டை நடத்துவது கடிதப் போக்குவரத்து. ஒரு செல் இன்னொரு செல்லுக்கு அனுப்பும் சிறுசிறு புரதங்கள்தான் அந்தக் கடிதங்கள். அவற்றுக்கு சைட்டோகைன் என்று பெயர்.

எங்கள் தலைமை அலுவலகம் அனுப்பும் சர்க்குலர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். "திருடன் வந்திருக்கிறான், எல்லாக் கிளைகளும் ஷட்டரை இறக்குங்கள்" என்று ஒரு சர்க்குலர் வருகிறது. திருடன் பிடிபட்டதும் "ரத்து" என்று அடுத்தது வர வேண்டும். முடக்குவாதத்தில் அந்த ரத்துக் கடிதம் வருவதே இல்லை. திருடன் யாரும் இல்லாமலே முதல் சர்க்குலர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. மூட்டின் உள்பக்கத்தில் இருக்கும் மெல்லிய சவ்வு, இந்த உத்தரவுகளைக் கேட்டுக் கேட்டுத் தடித்து, படர்ந்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. உடம்பே தன்னைத் தாக்கிக்கொள்ளும் இந்த வகை நோய்களைத் தன்னெதிர்ப்பு நோய்கள் என்கிறார்கள். தில்லிக்கு அருகே பல்லப்கரில் நடந்து 1993ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் 0.75 சதவீதம் பேருக்கு முடக்குவாதம் இருந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம்.

இந்த நோய்க்கு இன்றைய ஆங்கிலப் பெயரைக் கொடுத்தவர் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் கேரட், 1859ல். பெயர் வைத்தாயிற்றே தவிர மருந்து இல்லை. 1899ல் ஆஸ்பிரின் விற்பனைக்கு வந்தது. வலி குறைந்தது, எலும்பு அரிப்பது நிற்கவில்லை.

1948ல் ஒரு அதிசயம் நடந்தது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், படுத்த படுக்கையாக இருந்த 29 வயதுப் பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். உலகமே கொண்டாடியது. 1950ல் ஹென்ச்சும் இன்னும் இருவரும் நோபல் பரிசு வாங்கினார்கள். ஆனால் தொடர்ந்து போட்டவர்களுக்கு முகம் வீங்கியது, எலும்பு தேய்ந்தது, சர்க்கரை ஏறியது. நிறுத்தினால் நோய் திரும்பி வந்தது. ஸ்டீராய்டு என்றாலே இன்றைக்கும் நம் ஆட்கள் பயப்படுவதன் ஆரம்பம் இதுதான். (எல்லா சர்க்குலரையும், நல்லது கெட்டது பார்க்காமல், கிழித்துப் போடும் மேனேஜர் என்று வைத்துக்கொள்ளலாம்.)

இந்தக் கொண்டாட்டத்தில் ஒரு சின்ன விஷயம் மறைந்து போயிற்று. அதற்கு இருபது வருடம் பின்னால் போக வேண்டும்.

1928ல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். நெசவாலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்கள் கர்ப்ப காலத்தில் கடுமையான ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். காரணம் தேடி அலைந்தவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், சென்னையில் நாம் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலும் வேலை செய்தார். மார்மைட் என்ற மலிவான ஈஸ்ட் சாறு அந்த ரத்தசோகையைக் குணப்படுத்துவதை அவர் கண்டார். அதில் இருந்த சத்து என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. 1941ல் அமெரிக்காவில் பசலைக்கீரை வகையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்ற லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள்.

இந்த ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டியது, லெடர்லி நிறுவனத்தில் எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இருந்த குழு. 1895ல் பீமவரத்தில் பிறந்தவர். சென்னையில் படித்தவர். மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்திப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தவர். ஸ்ப்ரூ என்ற வயிற்றுப்போக்கு நோய் அவருடைய சகோதரர்கள் இருவரைக் கொண்டுபோயிற்று. அவரையும் பிடித்தது. ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதியின் சிகிச்சையில் பிழைத்தார். பிறகு அமெரிக்கா போய் ஹார்வர்டில் ஆராய்ச்சி செய்தார். அங்கே நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1940ல் லெடர்லியில் சேர்ந்தார். ஃபோலிக் அமிலம் ஸ்ப்ரூவுக்கும் மருந்து என்று தெரிந்தபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தக் குழு இன்னொன்றும் செய்தது. ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றம், ஆனால் வேலை செய்யாது. போலிச் சாவி மாதிரி. பூட்டுக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும், திறக்காது. வேகமாகப் பெருகும் செல்களுக்கு ஃபோலிக் அமிலம் நிறையத் தேவை என்பதால், போலிச் சாவியைக் கொடுத்தால் அவை பட்டினி கிடக்கும். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இதை ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குக் கொடுத்து, 1948ல் முடிவுகளை வெளியிட்டார். புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையின் தொடக்கங்களில் அது ஒன்று. அதே வருடம் ஆகஸ்டில் சுப்பாராவ் 53 வயதில் இறந்துபோனார். அமினாப்டெரின் என்ற அந்த முதல் மருந்தின் தம்பிதான் மெத்தோட்ரெக்ஸேட்.

1951ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் கப்னர் என்ற மருத்துவர், அமினாப்டெரினை முடக்குவாத நோயாளிகள் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார். வீக்கம் குறைந்தது. எழுதினார். யாரும் சட்டை செய்யவில்லை. ஊரெல்லாம் கார்ட்டிசோன் பேச்சாக இருந்த காலம் அது. "புற்றுநோய் மருந்தை மூட்டுவலிக்கா?" என்ற தயக்கமும் இருந்தது. 1985ல் மைக்கேல் வைன்பிளாட் குழு பாஸ்டனில் முறையான சோதனை நடத்தி நிரூபித்தது. அமெரிக்க அரசின் அனுமதி 1988ல். கப்னர் எழுதியதற்கும் அனுமதிக்கும் நடுவே 37 வருடம்! அத்தனை வருடத்தில் எத்தனை கைகள் கோணிப் போயிருக்கும்?

புற்றுநோய்க்குக் கொடுக்கும் அளவோடு ஒப்பிட்டால் முடக்குவாதத்துக்குக் கொடுப்பது மிகக் குறைவு. வாரத்தில் ஒரே ஒரு நாள். இந்தச் சிறிய அளவில் அது செல்களைப் பட்டினி போடுவதைவிட, அடினோசின் என்ற பொருளைப் பெருக்கி சைட்டோகைன் கடிதங்களைக் குறைக்கிறது என்பதுதான் இன்று பலரும் ஏற்கும் விளக்கம். பக்க விளைவு குறைய, வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரை தருகிறார்கள். சுப்பாராவ் குழு செய்த அசலையும் போலியையும் ஒரே நோயாளி ஒரே வாரத்தில் சாப்பிடுகிறார்!

மாத்திரையின் கதை இது. இனி ஊசியின் கதை.

சைட்டோகைன் என்ற சொல் 1974ல் உருவானது. அடுத்த வருடம் நியூயார்க்கில், எலிகளின் புற்றுக்கட்டியை அழிக்கும் ஒரு பொருளுக்கு டிஎன்எஃப் என்று பெயர் வைத்தார்கள். புற்றுநோயை ஒழித்துவிடலாம் என்று பெரிய எதிர்பார்ப்பு. மனிதர்களுக்குக் கொடுத்தபோது காய்ச்சலும் ரத்த அழுத்த வீழ்ச்சியும்தான் மிஞ்சியது. சரி, அப்படியானால் அதைத் தடுத்தால் என்ன? ரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸில் டிஎன்எஃப் எகிறுகிறதே என்று, அதைத் தடுக்கும் ஆன்டிபாடிகளைச் செய்தார்கள். செப்சிஸிலும் தோல்வி.

லண்டன் கென்னடி வாதநோய் ஆராய்ச்சி நிலையத்தில் இரண்டு பேர் வேறொரு கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மார்க் ஃபெல்ட்மன். லிவிவ் நகரில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். இன்னொருவர் ரவீந்தர் நாத் மைனி. 1937ல் லூதியானாவில் பிறந்து, உகாண்டாவில் வளர்ந்து, இங்கிலாந்தில் படித்தவர். (சுப்பாராவையும் சேர்த்துப் பாருங்கள், எல்லாரும் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு கோவில்பட்டியை நினைப்பவனுக்கு இது கண்ணில் படாமல் போகுமா?)

நோயாளியின் மூட்டுச் சவ்வில் பத்துப் பதினைந்து வகை சைட்டோகைன்கள் இருந்தன. ஒன்றைத் தடுத்தால் இன்னொன்று அந்த வேலையைச் செய்துவிடும், அதனால் பிரயோஜனமில்லை என்பது அப்போதைய பொதுக் கருத்து. இவர்களும் ஃபியோனுலா பிரென்னனும் சவ்வை வெளியே எடுத்து வளர்த்து, டிஎன்எஃப்பை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள். ஐஎல்-1 என்ற அடுத்த கடிதமும் குறைந்துவிட்டது. 1989ல் இதை வெளியிட்டார்கள். அதாவது டிஎன்எஃப் பத்தோடு பதினொன்று இல்லை, தலைமை அலுவலகக் கடிதம். அதை நிறுத்தினால் கிளைக் கடிதங்கள் தானாக நிற்கும்.

நியூயார்க்கில் யான் வில்செக்கின் ஆய்வுக்கூடத்தில் பிறந்து, சென்டோகார் நிறுவனத்தின் கையில் செப்சிஸுக்காக இருந்த ஆன்டிபாடியை வாங்கி, 1992ல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 20 நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வேறு மருந்து எதற்கும் கேட்காதவர்கள் அவர்கள். சில நாட்களிலேயே வீக்கமும் களைப்பும் குறைந்தன. 1994ல் 73 பேரிடம், போலி மருந்தோடு ஒப்பிட்டு நிரூபித்தார்கள். இன்ஃபிளிக்சிமாப் என்ற அந்த ஊசிக்கு முடக்குவாதத்துக்கான அனுமதி 1999ல் வந்தது. எட்டனர்செப்ட் 1998லும், அடாலிமுமாப் 2002 கடைசியிலும் வந்தன. ஃபெல்ட்மனும் மைனியும் 2003ல் லாஸ்கர் விருது பெற்றார்கள். அதே பாதையில் ஜப்பானின் ததாமிட்சு கிஷிமோட்டோ குழு 1986ல் அடையாளம் கண்ட ஐஎல்-6க்கும் ஒரு தடுப்பு ஊசி வந்தது. பெயர் டோசிலிசுமாப்.

இங்கேதான் என் அக்கா வருகிறாள். ஒருநாள் போனில் கேட்டாள்: "தம்பி, மூட்டுக்குப் புதுசா ஊசி இருக்காம்ல. அதப் போட்டுட்டா இந்த மாத்திரய விட்ரலாம்னு பக்கத்து வீட்ல சொல்லுதாக. நீ பேங்க்லதான இருக்க, நகைய வச்சா எவ்வளவு கெடைக்கும்?"

நகைக்கடன் கணக்கு எனக்கு விரல்நுனியில் இருக்கிறது. கிராமுக்கு எவ்வளவு, வட்டி எவ்வளவு, எப்போது திருப்ப வேண்டும், எல்லாம் சொல்லிவிடலாம். ஆனால் அவள் கேட்டதில் இரண்டு கேள்விகள் இருந்தன. பணக் கேள்விக்கு முன்னால் மாத்திரைக் கேள்வி.

அதற்கு விடை மைனி குழு 1998ல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. இன்ஃபிளிக்சிமாப் கால்பங்கு எலிப் புரதம். உடம்பு அதை அந்நியன் என்று கண்டுபிடித்து, ஊசி மருந்துக்கே எதிராக ஆன்டிபாடி செய்துவிடும். பலன் தேய்ந்துபோகும். கூடவே மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்தபோது அந்த எதிர்ப்பு அடங்கியது, பலன் நீடித்தது. இன்றைக்கும் டிஎன்எஃப் ஊசிகளைப் பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட்டோடு சேர்த்துத்தான் கொடுக்கிறார்கள். பலருக்கு அந்த மாத்திரையும் அதன் துணை மாத்திரைகளுமே போதுமாக இருக்கிறது. அவற்றுக்கு நோய் அடங்காதபோதுதான் ஊசி. அதாவது லூதியானாக்காரரின் ஊசி, சென்னையில் படித்தவரின் மாத்திரையின் தோளில் கைபோட்டுத்தான் நடக்கிறது. ஒன்று லட்சத்தில் போகும், மற்றது வாரத்துக்கு இரண்டு காபிச் செலவு. விலையை வைத்து வீரியத்தை எடைபோடும் பழக்கம் நமக்கு உண்டு. இந்த நோயில் அது உதவாது.

"டாக்டர் சொல்லாமல் மாத்திரையை விடாதே, நகை பீரோவிலேயே இருக்கட்டும்" என்று சொன்னேன். அவளுக்கு மாத்திரையில் நோய் கட்டுக்குள் இருக்கிறது என்று மதுரை டாக்டரும் அதையே சொல்லிவிட்டார்.

ஊசியில் நம் நாட்டுக்கென்று இன்னொரு ஆபத்தும் உண்டு. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். காசநோய்க் கிருமி பலர் உடம்பில் சத்தமில்லாமல் உறங்குகிறது. அதைச் சுற்றி வெள்ளையணுக்கள் சுவர் கட்டி வைத்திருக்கின்றன. அந்தச் சுவரைக் காவல் காப்பது அதே டிஎன்எஃப்தான். அதைத் தடுத்தால் சுவர் இடியும். இன்ஃபிளிக்சிமாப் போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்ததை 2001ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளிச்சம் போட்டுக் காட்டியது. அதனால்தான் ஊசிக்கு முன்னால் மார்பு எக்ஸ்ரே, காசநோய்ச் சோதனை எல்லாம். "எதுக்கு இத்தனை டெஸ்ட், பணம் பிடுங்கவா?" என்று சலித்துக்கொள்ள வேண்டாம்.

விலைக் கதையில் இந்தியாவுக்கு நல்ல பங்கு உண்டு. 2014 டிசம்பரில் அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் அடாலிமுமாப்பின் மாற்று மருந்தை உலகிலேயே முதலாவதாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஏறக்குறைய ஆயிரம் டாலர் விற்ற ஊசிக்கு இங்கே இருநூறு டாலர் அளவில் விலை வைத்தார்கள். அப்போதும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கனம்தான், ஆனால் எட்டாக்கனி இல்லை. செல்லுக்குள்ளே கடிதம் போகும் பாதையை அடைக்கும் ஜேக் வகை மாத்திரைகளையும் இப்போது இந்திய நிறுவனங்கள் தயாரிக்கின்றன.

கோரமங்களா விஷயத்துக்கு வருகிறேன். 1978ல் அங்கே ஒரு வாடகை ஷெட்டில், பத்தாயிரம் ரூபாய் முதலோடு கிரண் மஜும்தார் பயோகானைத் தொடங்கினார். பப்பாளிப் பாலிலிருந்து என்சைம் எடுப்பதுதான் ஆரம்பத் தொழில்களில் ஒன்று. இருபத்தைந்து வயதுப் பெண், புரியாத தொழில் என்று வங்கிகள் கடன் தரத் தயங்கின. (எங்கள் இனத்தார்! செக்யூரிட்டி எங்கே என்று கேட்டிருப்பார்கள்.) அதே நிறுவனம் கியூபாவின் ஆய்வு மையத்தோடு சேர்ந்து செய்த இட்டோலிசுமாப், சொரியாசிஸ் என்ற தன்னெதிர்ப்புத் தோல்நோய்க்கு 2013ல் இந்தியாவில் வந்தது. கடிதத்தைப் பிடிக்காமல், அதை எழுதும் டி செல்களையே அமைதிப்படுத்தும் மருந்து.

2020ல் கொரோனா வந்து, சைட்டோகைன் புயல் என்ற சொல் தமிழ்ப் பத்திரிகைகளிலும் புழங்க ஆரம்பித்தது. வாதநோய் டாக்டர்கள் மட்டும் எழுதிக்கொண்டிருந்த டோசிலிசுமாப், 2021 ஏப்ரல், மே மாதங்களில் கள்ளச்சந்தைச் சரக்கானது. இட்டோலிசுமாப்புக்கும் 2020 ஜூலையில் அவசர அனுமதி கிடைத்தது. வெறும் 30 பேரிடம் நடந்த சோதனையை நம்பியா என்று நிபுணர்கள் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பெரிய சோதனைகளில் உயிர் காத்ததாக முதலில் உறுதியானது டெக்ஸாமெத்தசோன். ஹென்ச்சின் கார்ட்டிசோன் வம்சத்தைச் சேர்ந்த, சில ரூபாய் மருந்து. மறுபடியும் மலிவானதுதான் முன்னால் வந்து நின்றது.

இந்த வரலாற்றைப் படித்து முடித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். முடக்குவாதத்தில் பெரிய நஷ்டம் ஊசியின் விலையில் இல்லை, தாமதத்தில் இருக்கிறது. கப்னரின் கட்டுரை 37 வருடம் தூங்கியது உலகத்தின் தாமதம். நம் வீடுகளில் வேறு வகைத் தாமதம். வாயு என்பார்கள், தைலம் தேய்ப்பார்கள், பக்கத்துக் கடையில் வலி மாத்திரை வாங்குவார்கள். அதற்குள் ஒன்றிரண்டு வருடம் ஓடிவிடும். அரித்த எலும்பு திரும்ப வளராது. எங்கள் தெருவுக்குப் பக்கத்துக் குழந்தை ஏசு கோயிலில் வியாழக்கிழமைக் கூட்டத்தைப் பார்த்தால், விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன பெண்கள் மெழுகுவர்த்தியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பிடித்து நிற்பது தெரியும். வேண்டுதலில் குறையில்லை, போய்ச் சேர்ந்த காலம்தான் பிந்திவிட்டது. முதல் சில மாதங்களில் மருந்து தொடங்கியவர்களின் கைகள் பெரும்பாலும் நேராகவே இருக்கின்றன.

காலையில் எழுந்து ஒரு மணி நேரமாகியும் விரல் மடங்கவில்லை, இரண்டு கையிலும் ஒரே மாதிரி சின்ன மூட்டுகள் வீங்குகின்றன, ஆறு வாரமாகியும் போகவில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால், வாதநோய் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். முடக்கத்தான் தோசையை வேண்டாம் என்று சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

பி.கு.: மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மருந்து. சீட்டைச் சரியாகப் படிக்காமல் தினமும் விழுங்கி உயிரை விட்டவர்கள் உலகமெங்கும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும், கர்ப்பம் தரிக்க நினைப்பவர்களுக்கும் கூடவே கூடாது. வயதானவர்கள் வீட்டில் இருந்தால், எந்தக் கிழமை என்று மாத்திரை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள். அக்கா வீட்டில் செவ்வாய்.